அயர்லாந்தின் பண்பாட்டையும் மரபையும் ரசிக்க 10 நாள் விடுமுறையை எப்படித் திட்டமிடலாம்?

அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு ஜூன் கடைசியில் சென்னையிலிருந்து வருகிறோம், டப்ளினில் தொடங்கித் தீவை ஒரு முழுச் சுற்று சுற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த முழுச் சுற்றை விட்டுவிடுங்கள். என் பதிலில் முக்கியமானது இதுதான்.

நான் வேலைக்காக டப்ளினுக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. என் பெற்றோர் முதல்முறை வந்தபோது ஏழு நாளில் எட்டு ஊர் என்று காரிலேயே ஓடினோம். சாயங்காலம் அறைக்கு வந்து சேரும்போது எல்லோருக்கும் களைப்பு. சாப்பிட்டோம், படுத்தோம். கிளம்பும் நாளில் அம்மா சொன்னார்: "எல்லாம் அழகாத்தான் இருந்துச்சு. ஆனா இந்த ஊர்க்காரங்க ஒருத்தர்கிட்டகூட நாம உட்கார்ந்து பேசலையே." அது எனக்கு ரொம்பவே உறைத்தது. இரண்டு ஆண்டு கழித்து அவர்கள் மறுபடி வந்தபோது திட்டத்தைத் தலைகீழாக மாற்றினேன்.

கோட்டை, குன்று, கடற்பாறை எல்லாம் பகலில் பார்க்கலாம். ஆனால் ஐரிஷ்காரர்களின் பாட்டும் பேச்சும் கூடிவருவது இரவு ஒன்பது மணிக்கு மேல்தான். அதனால் எத்தனை இடம் என்று எண்ணாமல், எந்த ஊரில் எத்தனை இரவு என்று எண்ணித் திட்டமிடுங்கள். உங்களுக்குக் கையில் ஒன்பது இரவு. டப்ளினில் மூன்று, மேற்குக் கரையில் உள்ள கொனமாராவில் மூன்று, கிளேரில் மூன்று. போதும்.

டப்ளினில் கில்டேர் தெருவில் உள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் கொடுங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. பழங்கால உலோக வேலைப்பாட்டுக்குப் பேர்போன ஆர்டா கிண்ணமும், ஆடையில் குத்திக்கொள்ளும் தாரா ஊசியும் அங்கேதான் இருக்கின்றன. கரிச்சதுப்பு நிலத்தில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் கெடாமல் கிடந்த மனித உடல்களையும் வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றின் கைவிரல்களில் நகம்கூட அப்படியே இருக்கிறது. டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் கெல்ஸ் சுவடி என்ற நற்செய்தி நூலுக்குப் பெரிய வரிசை நிற்கும். கன்றுத் தோலில் கி.பி. 800 வாக்கில் எழுதி, வண்ணம் தீட்டியது. நேரம் இருந்தால் பாருங்கள்.

ஆனால் நியூகிரேஞ்சை மட்டும் விடக் கூடாது. டப்ளினுக்கு வடக்கே, காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சுமார் கி.மு. 3200-இல் எழுப்பிய கல்லறை மேடு. கீசா பிரமிடுகளைவிட மூத்தது. 19 மீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய கல் வழியில், சில இடங்களில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பித்தான் நுழைய வேண்டும். உள்ளே நின்று நிமிர்ந்து பார்த்தால், சாந்து இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய கூரை. ஐந்தாயிரம் ஆண்டாக ஒழுகவில்லை, இந்த மழை தேசத்தில்! பிறகு வழிகாட்டி விளக்கை அணைப்பார். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். சற்று நேரத்தில் தரையில் ஒரு மெல்லிய பொன்கோடு தோன்றி நம் காலடி வரை வளரும். அது விளக்கால் செய்து காட்டுவது. நிஜத்தில், டிசம்பர் 21-ஐ ஒட்டிய சில விடியல்களில் மட்டும், வாசலுக்கு மேலுள்ள சின்னத் திறப்பின் வழியாகச் சூரியன் 17 நிமிடம் உள்ளே வரும். அந்த விடியலில் உள்ளே நிற்கக் குலுக்கல் முறையில் ஆள் எடுக்கிறார்கள். பார்வையாளர் மையத்திலிருந்து அவர்களின் பேருந்தில்தான் போக முடியும், இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். விமான டிக்கெட் எடுத்த கையோடு இதையும் பதிவு செய்துவிடுங்கள்.

டப்ளினிலிருந்து மேற்கே போகும் நாளில் நெடுஞ்சாலையிலேயே போய்விடாமல், கொஞ்சம் சுற்றி ரோஸ்காமன் கவுண்டியில் இருக்கும் ஸ்ட்ரோக்ஸ்டவுனுக்குப் போங்கள். பழைய ஜமீன் மாளிகையை ஒட்டித் தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் இருக்கிறது. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அந்த நேரத்திலும் தானியம் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியானது. 1847-இல் இந்த ஒரு பண்ணையிலிருந்து மட்டும் 1,490 குடியானவர்களை டப்ளின் வரை நடக்க வைத்துக் கப்பலேற்றினார்கள். 1841-இல் தீவின் மக்கள்தொகை 80 லட்சத்துக்கும் மேல். இன்றுவரை அந்த எண்ணிக்கையை அயர்லாந்து திரும்ப எட்டவில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு மேற்குக் கரைக்குப் போனால், கூரையில்லாமல் நிற்கும் கல்வீடுகள் வெறும் படத்துக்கான காட்சியாகத் தெரியாது.

பஞ்சம் அதிகமாக வாரிக்கொண்டு போனது ஐரிஷ் மொழி பேசிய ஏழைகளைத்தான். ஐரிஷ் பேச்சு மிஞ்சிய இடங்களை கேல்டாக்ட் என்பார்கள். கொனமாராவின் தென்கரை அப்படியொரு பகுதி. அரசியல் சட்டப்படி ஐரிஷ்தான் நாட்டின் முதல் ஆட்சிமொழி, ஆனால் அது வீட்டிலும் கடையிலும் அன்றாடம் புழங்குவதை இங்கேதான் கேட்க முடியும். ஊர்ப் பலகைகளும் ஐரிஷில் மட்டுமே இருக்கும், அதனால் வரைபடத்தில் இரண்டு பெயரையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். "குர மா அகட்" என்று நன்றி சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் முகம் மலரும். தாய்மொழியைப் பற்றிப் பேச்செடுத்தால் தமிழரும் இவர்களும் மணிக்கணக்கில் பேசலாம். அப்பா அப்படித்தான் தங்கும் விடுதிக்காரரோடு சமையலறையில் காலை முழுக்க உட்கார்ந்துவிட்டார்.

அங்கிருந்து ரோசவீல் துறையில் படகேறினால் முக்கால் மணியில் ஆரன் தீவுகளில் பெரியதான இனிஷ்மோர். சுமார் 100 மீட்டர் செங்குத்துப் பாறையின் விளிம்பில் டூன் ஏங்கஸ் கற்கோட்டை நிற்கிறது. கடைசி நடை கரடுமுரடான கல்மேடு, முழங்கால் வலி உள்ளவர்கள் மெதுவாக ஏற வேண்டும். முடிந்தால் தீவிலேயே ஓர் இரவு தங்குங்கள். கடைசிப் படகு போனபின் தீவு வேறு தீவாகிவிடுகிறது.

இனி பப். பெற்றோரை எப்படி அங்கே அழைத்துப் போவது என்று நானும் தயங்கினேன். கிராமத்துப் பப் என்பது ஏறக்குறைய ஊர்த் திண்ணை. ஒரு டீ வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்காரலாம், ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார். டீயும் நம் ஊர் மாதிரி திடமாக, பாலோடு வரும். மூலையில் ஒரு மேசையைச் சுற்றி ஃபிடில், புல்லாங்குழல், கான்செர்டினா என்ற சின்னத் துருத்திப் பெட்டி, பௌரான் என்ற கைப்பறையோடு உட்கார்ந்து வாசிப்பார்கள். இதற்கு செஷன் என்று பெயர். மேடை, மைக் எதுவும் இருக்காது. ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். ஜிக் என்றால் நம் காதுக்குத் திஸ்ர நடை, ரீல் என்றால் விரையும் நாலு. அவர்களுக்குள் வாசிக்கிறார்கள், நாம் அருகில் இருக்கிறோம், அவ்வளவுதான். அந்த வட்டத்தில் காலியாக இருக்கும் நாற்காலியில் உட்காராதீர்கள். அது இன்னும் வராத வாத்தியக்காரருக்கு.

கொனமாராவில் ஓர் இரவு, வாசிப்பு நடுவில் நின்றது. யாரோ அதட்டியதில் கூடம் அமைதியானது. தொப்பி போட்ட ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு வாத்தியமே இல்லாமல் ஐரிஷில் பாட ஆரம்பித்தார். ஷான் நோஸ், அதாவது 'பழைய முறை'. பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பற்றி, பாட்டின் போக்குக்கு ஏற்ப ராட்டினம் சுற்றுவதுபோல் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். பெரியவர் ஒவ்வொரு சொல்லையும் இழைத்து வளைத்துப் பாடினார். கடைசி வரியை மட்டும் பாடாமல், சாதாரணமாகப் பேசி முடித்தார். "நம்ம ஒப்பாரி கேட்ட மாதிரியே இருக்கு" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த மாதிரிப் பாட்டுக்கு நடுவில் பேசுவதோ, போனைத் தூக்குவதோ வேண்டாம்.

கிளேரில் மோஹர் கடற்பாறைகளை ஒரு காலையில் முடித்துவிடலாம். பரன் சுண்ணாம்புப் பாறைவெளிக்கு அதைவிட நேரம் கொடுப்பேன். வாய்ப்பிருந்தால் உள்ளூர் மைதானத்தில் ஒரு ஹர்லிங் ஆட்டம் பாருங்கள்: அணிக்கு 15 பேர், ஆஷ் மர மட்டை, பந்து தலைக்கு மேல் சீறும். பெரிய போட்டிகளில் 80,000 பேர் கூடும் டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் ஆடுகிறவர்களும் சம்பளம் வாங்காதவர்கள், திங்கட்கிழமை பள்ளிக்கோ வயலுக்கோ போகிறவர்கள்.

வடக்கு அயர்லாந்தின் கடலோரக் கல்தூண்களான ஜயன்ட்ஸ் காஸ்வேயும் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது பிரிட்டனின் பகுதி. ஐரிஷ் விசா தனி, பிரிட்டிஷ் விசா தனி, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா இரண்டுக்கும் உதவாது. இந்தியர்களின் குறுகியகால விசாவில் பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டத்தைக் குறிக்கும் பி.ஐ.வி.எஸ். (BIVS) என்ற குறிப்பு இருந்தால் இரண்டு நாட்டுக்கும் செல்லும், ஆனால் விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும். இடையன்குடியில் வாழ்ந்து திராவிட மொழிகளை ஆராய்ந்த கால்டுவெல் பிறந்ததும் அந்த வடக்கில், ஆன்ட்ரிம் கவுண்டியில்தான். எனக்கும் போக ஆசைதான். ஆனாலும் இந்த 10 நாளில் வேண்டாம்.

கார் எடுத்தால் நம் ஊர் மாதிரியே இடப்பக்கம்தான், மேற்கே சாலைகள் ரொம்பக் குறுகல். குடை காற்றில் நிற்காது, தொப்பி வைத்த மழைக்கோட்டு எல்லோருக்கும் வேண்டும்.

இன்னொன்று. ஜூலை முதல் வாரத்தில் கிளேரில் உள்ள மில்டவுன் மால்பேயில் வில்லி கிளான்சி கோடை இசைப் பள்ளி தொடங்கும். 1973 முதல் நடக்கிறது. பகலில் வகுப்பு, மாலையிலிருந்து ஊர் முழுக்க வாசிப்பு. பயணத்தை நான்கைந்து நாள் தள்ளிவைக்க முடிந்தால் உங்கள் கடைசி மூன்று இரவும் அங்கே அமையும். அந்த வாரம் சிறிய ஊரில் அறை கிடைப்பது கடினம், அதனால் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே பக்கத்து ஊர்களான லஹின்ச், குவில்ட்டியிலும் சேர்த்துத் தேடுங்கள்.