மின்கம்பியைத் தொடும் குல்மோகர்: எங்கே வெட்டுவது?

கேள்வி: தோட்டத்து வாசலில் அழகுக்காக வைத்த குல்மோகர் மின்கம்பியை முட்டும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. போன வருடம் உச்சியை மட்டமாக வெட்டிவிட்டோம். இப்போது முன்பைவிட அடர்த்தியாகக் கிளம்பியிருக்கிறது. மறுபடியும் வெட்டலாமா?

பதில்: வெட்டலாம், ஆனால் அதே மாதிரி வேண்டாம். அதற்கு முன் ஒன்று. கம்பிக்குப் பத்தடிக்குள் ஏதாவது கிளை இருந்தால் நீங்களோ உங்கள் ஆட்களோ மரத்தில் ஏறவே கூடாது. பச்சைக் கிளை ஈரமானது, அதன் வழியே கரண்ட் இறங்கும். உயர் அழுத்தக் கம்பி என்றால் தொட வேண்டும் என்பதுகூட இல்லை, நெருங்கினாலே கரண்ட் பாயும். அலுமினிய ஏணி, இரும்புத் தொரட்டி எதுவும் அங்கே போகக் கூடாது. மூங்கில் கழியையும் நம்பாதீர்கள். வீட்டு மெயினை அணைத்தாலும் வெளிக் கம்பியில் கரண்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள், அவர்கள் லைனை நிறுத்தி எர்த் செய்த பிறகுதான் வேலை. இதில் அவசரப்பட்டு உயிரை விட்டவர்கள் நிறையப் பேர்.

சரி, ஏன் அடர்த்தியாகக் கிளம்பியது? நுனி மொட்டு இருக்கும்வரை கீழே உள்ள மொட்டுகள் அடங்கியிருக்கும். நுனி போனதும் பட்டைக்கு அடியில் தூங்கும் மொட்டுகள் மொத்தமாக விழித்து, இழந்த இலையை ஈடுகட்டப் போத்துகளாக, அதாவது புதுக் கிளைகளாக, நேரே மேலே பாயும். இவை கிளையின் மேல்தோலை ஒட்டித்தான் பிடித்திருக்கும், உள்ளே வேர்ப்பிடிப்பு கிடையாது. குல்மோகர் இயல்பிலேயே முறியும் மரம். ஒரு பெருங்காற்று போதும், கம்பி மேலேயே விழும்.

ஆகவே உயரத்தைக் குறைக்காதீர்கள், திசையை மாற்றுங்கள். கம்பியை நோக்கிப் போகும் கிளையை அது பிரியும் கவட்டில் எடுத்துவிட்டு, வேறு பக்கம் போகும் கிளையை விடுங்கள். விடும் கிளை, எடுப்பதன் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி போத்துதான். போன வருடப் போத்துகளில் வெளிப்பக்கம் சாய்ந்த ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுங்கள்.

கிளை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு புடைப்பு தெரியும். அதைச் சீவிவிடாமல், கட்டையாக மிச்சமும் வைக்காமல், புடைப்பை ஒட்டி வெளியே அறுங்கள். காயம் மூடுவது அந்தத் திசுவால்தான். கனமான கிளை என்றால் ஓரடி தள்ளி முதலில் கீழிருந்து பாதியளவுக்குக் குறைவாக அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துத் தள்ளிவிட்டு, மிச்சத்தைக் கடைசியாக எடுங்கள். பட்டை உரியாது. தார், பெயின்ட் பூச வேண்டியதில்லை. ஒரே தடவையில் கால் பங்கு பச்சைக்கு மேல் எடுக்காதீர்கள். இலை உதிர்ந்து, புதுத் துளிர் வருவதற்கு முந்தைய நாட்கள் நல்ல நேரம்.

அடிமரமே கம்பிக்கு நேர் கீழே இருக்கிறதா? அப்படியானால் எந்தக் கவாத்தும் நிலைக்காது. அதை எடுத்துவிட்டு நந்தியாவட்டை, செம்பருத்தி போலக் குட்டையாக நிற்பதை வையுங்கள். குல்மோகர்தான் வேண்டும் என்றால், அதன் குடை நன்றாக விரியும் என்பதால், கம்பியிலிருந்து முப்பது அடியாவது தள்ளி நடுங்கள்.