டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே இழுப்பு வந்தால் திரும்பப் போகலாமா?

ஆறு வயது மகள் வீசிங்குக்கு அட்மிட் ஆகி நேற்றுதான் வீடு வந்தாள், இன்று மறுபடி மூச்சு வாங்குகிறது, மாத்திரை இன்னும் மூன்று நாளைக்கு இருக்கிறது, அதுவரை பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இப்போதே கிளம்புங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

என் மகனுக்கு அப்போது எட்டு வயது. போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் டிஸ்சார்ஜ். விடியற்காலையில் தெருவெங்கும் பாயும் டயரும் எரிந்தன. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி அடைத்தும் வீட்டுக்குள் புகை வாடை. பகல் முழுக்க சுமாராக இருந்தான். ராத்திரி ஒன்பதரைக்கு நீல இன்ஹேலர் கொடுத்தேன், அடங்கியது. பதினொன்றரைக்கு மறுபடி. ஒரு மணிக்கு மறுபடி.

"நேத்துதானேம்மா வந்தீங்க, விடியட்டும்" என்றார் அத்தை. எனக்கும் அதே தயக்கம்தான். நன்றி சொல்லிவிட்டு வந்த வார்டுக்கு மறுநாளே எப்படிப் போய் நிற்பது?

விளக்கைப் போட்டு அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே போனது, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் ஒட்டியது. "அம்மா... தண்ணி... வேணும்" என்பதற்கு மூன்று மூச்சு பிடித்தது. ஆனால் விசில் சத்தம் குறைந்திருந்தது. தேவலை ஆகிறது என்று நினைத்தேன். காற்று போய் வந்தால்தான் சத்தம் வரும், போகவே இல்லையென்றால் சத்தம் எங்கிருந்து வரும் என்று டியூட்டி டாக்டர் பிறகு சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஆக்ஸிஜன் அளவு வெறும் 90.

வீட்டுக்காரர் பைக் சாவியை எடுத்தார். நான் 108-ஐக் கூப்பிட்டேன், அதில் ஆக்ஸிஜன் இருக்கும். வண்டி வரும்வரை அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, முன்பே சொல்லித் தந்திருந்தபடி, ஸ்பேசரில் (இன்ஹேலரோடு மாட்டும் குழாய்) ஒவ்வொரு பஃப்பாக, அரை நிமிஷம் ஒரு நிமிஷம் விட்டு, பத்து வரை கொடுத்தேன்.

நீல இன்ஹேலரில் இருக்கும் சால்பூட்டமால் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வீக்கம் வடிய நாளாகும், ஸ்டீராய்டு மாத்திரை அதற்குத்தான். அதை நிறுத்தாதீர்கள், ஆனால் அது தீரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். இன்ஹேலர் கொடுத்து 4 மணி நேரம்கூடத் தாங்கவில்லையென்றால், டாக்டர் வீட்டுக்கு அனுப்பிய நிலை இப்போது இல்லை என்று அர்த்தம். பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, குழந்தை துவண்டு தூங்கி வழிந்தாலோ ஒரு நிமிஷமும் யோசிக்காதீர்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியையும் மருந்துகளையும் கையோடு எடுத்துப் போங்கள். பஃப் கொடுத்த நேரங்களை நான் காலண்டர் தாளின் பின்பக்கம் கிறுக்கி வைத்திருந்தேன். டாக்டர் முதலில் பார்த்தது அந்தத் தாளைத்தான். ஏன் திரும்பி வந்தீர்கள் என்று யாருமே கேட்கவில்லை.

இன்னும் மூன்று நாள் இருந்தோம். நான் இன்ஹேலர் கொடுக்கும் முறையில் இருந்த ஒரு தவற்றை ஒரு நர்ஸ்தான் கண்டுபிடித்துத் திருத்தினார். நீங்களும் ஒருமுறை அவர்கள் முன்னால் செய்து காட்டுங்கள்.

போய்ச் சேர்ந்ததும், பாப்பா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி எழுதுங்கள்.