அல்சருக்குக் காரணம் காரமா, கிருமியா?

பரோட்டா சால்னா, கறிதோசை என்று காரமாகச் சாப்பிடுவதால்தான் மதுரைப் பக்கம் அல்சர் வருகிறது என்கிறார்கள். எனக்கு எண்டோஸ்கோபியில் முன்சிறுகுடலில் புண், 'ஹெச். பைலோரி பாசிட்டிவ்' என்று எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு அமிலத்துக்குள் ஒரு கிருமி எப்படிப் பிழைத்திருக்கும்?
– வாசகர், மேலூர்

காரம் ஏற்கெனவே இருக்கும் புண்ணை எரிய வைக்கும். புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி, அதாவது ஹெச். பைலோரி என்ற பாக்டீரியா. மற்றது டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

காலையில் மாட்டுத் தொழுவத்துக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் நெடி உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாட்டு மூத்திரத்திலுள்ள யூரியாவை, பாக்டீரியாக்களின் யூரியேஸ் என்ற நொதி அம்மோனியாவாக உடைப்பதால் வரும் நெடி அது. ஹெச். பைலோரியின் ஆயுதமும் இதே யூரியேஸ்தான். இந்த நொதி வேலை செய்ய நிக்கல் வேண்டும். அதைக் கிருமி தேடிச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. நம் இரத்தத்திலிருந்து கொஞ்சம் யூரியா இரைப்பைக்குள் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். சுற்றிலும் அமிலம் ஏறியதும் கிருமியின் உள்சவ்வில் யூரியாவுக்கென்றே உள்ள ஒரு வாசல் திறக்கும். உள்ளே வந்த யூரியா அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடையும். அம்மோனியா அமிலத்தை முறிக்கும். யூரியா கிடைக்காவிட்டால் கடும் அமிலத்தில் இந்தக் கிருமி தாக்குப்பிடிக்காது.

இரைப்பைச் சுவரின் மேல் கெட்டியான சளிப்படலம் இருக்கிறது. அமிலம் முறிந்த இடத்தில் அது இளகும். வால் போன்ற இழைகளைச் சுழற்றிக்கொண்டு கிருமி அதைத் துளைத்து அடியில் போய்விடும். அங்கிருந்து வாக்ஏ என்ற நச்சு செல்களில் குமிழிகளை உண்டாக்குகிறது. சில வகைக் கிருமிகள் கேக்ஏ என்ற புரதத்தை ஊசி போட்டதுபோல் செல்லுக்குள்ளேயே செலுத்துகின்றன. அம்மோனியாவும் தன் பங்குக்குச் செல்களைப் புண்படுத்தும்.

உங்கள் புண் முன்சிறுகுடலில் இருப்பதற்கும் காரணம் உண்டு. இரைப்பையின் கீழ்ப்பகுதி அழன்றால், அமிலத்தை அடக்கும் சோமாட்டோஸ்டேடின் குறைந்து, அமிலத்தைத் தூண்டும் கேஸ்ட்ரின் கூடுகிறது. மிதமிஞ்சிய அமிலம் குடலில் இறங்கி அரிக்கிறது. இந்தப் புண் வெறும் வயிற்றிலும் நடுராத்திரியிலும் வலிப்பதும், சாப்பிட்டால் அடங்குவதும் அதனால்தான்.

பான்டாபிரசோல் மாத்திரையை ஆறு மாதமாக மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடுகிறேன். மூச்சுப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. மாத்திரையை விட்டால் வலி திரும்புகிறது.
– வாசகி, திருமங்கலம்

அந்த முடிவை நம்பாதீர்கள். மூச்சுப் பரிசோதனை தேடுவது கிருமியை அல்ல, யூரியேஸின் வேலையை. கார்பன் 13 சேர்த்த யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, 20 முதல் 30 நிமிடம் கழித்து, மூச்சில் அந்தக் கார்பன் வெளியேறுகிறதா என்று பார்ப்பார்கள். பான்டாபிரசோல் போன்ற, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை போட்டால் கிருமிகளின் எண்ணிக்கை சரியும். மிஞ்சியவற்றின் யூரியா வாசலும் மூடிக்கொள்ளும். கிருமி உள்ளே இருந்தும் 'இல்லை' என்றே வரும். எண்டோஸ்கோபியில் சதைத்துணுக்கு எடுத்து மஞ்சள் நிற ஜெல்லில் வைத்து, இளஞ்சிவப்பாக மாறுகிறதா என்று பார்க்கும் சோதனையும் இதேபோல் ஏமாற்றும்.

பான்டாபிரசோல், ஒமிப்ரசோல் வகையை 2 வாரமும், ஆன்டிபயாட்டிக், பிஸ்மத் மருந்துகளை 4 வாரமும் நிறுத்தியபின் வெறும் வயிற்றில் மறுபடி எடுங்கள். ஆனால் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரோ, முன்பு புண்ணில் இரத்தக் கசிவு வந்தவரோ மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். கிருமி போன பிறகும் அது நெடுநாள் பாசிட்டிவ் காட்டும்.

இந்தக் கிருமிக்கு 14 நாள் மருந்து கொடுத்தார்கள். வாயெல்லாம் இரும்புக் கசப்பு, மலம் கருப்பாகப் போனது. பயந்து ஐந்தாம் நாள் நிறுத்திவிட்டேன். இப்போது வலி இல்லை.
– வாசகர், உசிலம்பட்டி

கசப்பு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கால், கருப்பு பிஸ்மத் மருந்தால். இரண்டும் மருந்து முடிந்ததும் போய்விடும். தார்போல ஒட்டும், கடும் நாற்றமடிக்கும் கருப்பு மலமும் தலைச்சுற்றலும் வந்தால் அது இரத்தக் கசிவு. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வலி நின்றது அமிலம் குறைந்ததால். பாதியில் விட்டதில் தப்பிய கிருமிகள் அந்த ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கப் பழகியிருக்கலாம். மிச்ச மாத்திரையை நீங்களாகத் தொடராதீர்கள். எந்த மருந்து, எத்தனை நாள் என்று மருத்துவரிடம் சொல்லி, வேறு கூட்டு மருந்து கேளுங்கள். அமிலம் குறைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போடுங்கள். டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் இருந்தால் அதைப் பால், டீ, ஜிகர்தண்டாவிலிருந்து 2 மணி நேரமாவது தள்ளி வையுங்கள். பாலிலுள்ள கால்சியம் மருந்தை உடலில் சேரவிடாது. மெட்ரோனிடசோல் இருக்கும்வரை மது கூடவே கூடாது. முடித்து 4 வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனை எடுத்து, கிருமி போனதை உறுதி செய்யுங்கள். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான்.

மணத்தக்காளிக் கீரையும் மோரும் போதாதா? வீட்டில் எல்லோருக்கும் சோதிக்க வேண்டுமா?
– வாசகி, செல்லூர்

கீரையும் மோரும் வயிற்றுக்கு இதமாக இருக்கலாம், தாராளமாகச் சாப்பிடுங்கள். கிருமியை ஒழிக்க அவை போதாது. தொற்று பெரும்பாலும் சிறுவயதில், வீட்டுக்குள்ளேயே பரவுகிறது. கைகழுவுவதும், குடிநீரைக் கொதிக்கவைப்பதும், குழந்தைக்குச் சோற்றை மென்று ஊட்டாமலிருப்பதும் நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1994-லேயே இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகையில் சேர்த்துவிட்டது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இரைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால், வலி இல்லாவிட்டாலும் சோதித்துக்கொள்ளுங்கள்.