மதுரையில் இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பேராசிரியராகி ஆராய்ச்சி செய்ய ஆசை. வீட்டு நிலைமைக்காக முதலில் வேலைக்குப் போனால் அந்த வழி அடைபட்டுவிடுமா?

அடைபடாது. மதுரைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் மின்சக்திப் பாதுகாப்புப் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் உறுதியாகவே சொல்கிறேன். நிறுவன வேலைக்குப் போய்விட்டால் ஆராய்ச்சி போயிற்று என்ற பயம் மாணவர்களிடம் வேரோடியிருக்கிறது. எங்கள் துறையின் பெரிய பெயர்களில் ஒன்றை எடுத்துப் பார்த்தாலே அந்தப் பயம் தெளிந்துவிடும்.

அருண் பட்கே காரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, 1964-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அறுபதுகளின் இறுதியிலிருந்து 1982 வரை அமெரிக்கன் எலக்ட்ரிக் பவர் என்ற மின் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தார். வர்ஜீனியா டெக் என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் மின், கணினிப் பொறியியல் துறைக்குப் பேராசிரியராக வந்தபோது அவருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

அவரைப் பெரிய ஆளாக்கிய யோசனை அந்த நிறுவன வேலையில்தான் முளைத்தது. உயர் அழுத்த மின்பாதையில் பழுது வந்தால் கண்டுபிடிக்கும் ரிலேயைக் கணினியில் செய்து பார்த்தார்கள். மூன்று கம்பிகளில் எது எதோடு உரசியது என்று அறிய ஆறு சமன்பாடுகள் வேண்டும். எழுபதுகளின் கணினிக்கு அவ்வளவு வேகம் கிடையாது. மூன்று கம்பிகளின் சமனற்ற நிலையைச் சமச்சீரான பகுதிகளாகப் பிரித்துக் காட்டும் சமச்சீர் கூறுகள் என்ற கணித முறையைப் பயன்படுத்தி ஆறையும் ஒன்றாகச் சுருக்கினார்கள். அந்தக் கணக்கில் நேர்வரிசை மின்னழுத்தம், அதாவது அந்தக் கூறுகளில் முதன்மையானது, துல்லியமாகக் கிடைத்தது. அதை ஊர் ஊராக ஒரே கணத்தில் அளக்க முடிந்தால் மொத்த மின்தொகுப்பின் நிலையும் கண்முன் தெரியுமே என்று தோன்றியிருக்கிறது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் வந்ததும், எல்லா ஊர்க் கடிகாரங்களையும் ஒன்றாக ஓடவைக்கும் நேரச் சிக்கலும் தீர்ந்தது. மைக்ரோநொடி பிசகினாலும் நமது 50 ஹெர்ட்ஸ் அலையில் 0.018 பாகைதான் தவறும். 1988-இல் வர்ஜீனியா டெக்கில் முதல் ஃபேசர் (மின்னலையின் அளவும் கோணமும்) அளவீட்டுக் கருவி உருவானது. இதற்காக அவருக்கும் அவரோடு இணைந்து உழைத்த ஜேம்ஸ் தார்ப்புக்கும் 2008-இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பதக்கம் வழங்கப்பட்டது.

இது எங்கோ நடந்த கதை என்று விட்டுவிடாதீர்கள். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவே இருண்டபோது மதுரை தப்பியதற்குக் காரணம், தென்னக மின்தொகுப்பு அப்போது வடக்கோடு ஒத்திசையாமல் தனித்து ஓடியதுதான். 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதை அந்த இணைப்பைக் கொடுத்தது. இன்று டெல்லிக்கும் மதுரைக்கும் ஒரே அதிர்வெண். அங்கே வரும் அதிர்ச்சி இங்கேயும் உணரப்படும். அதனால் இந்த அளவீடு நமக்கும் உயிர்நாடியானது.

ஆராய்ச்சிக்குக் கேள்வி தேடி நீங்கள் அலையவும் வேண்டியதில்லை. எங்கள் ஆய்வகத்தில் அலுமினியத் தட்டு சுழலும் பழைய ரிலே ஒன்று இருக்கிறது. மின்னோட்டத்தை ஏற்ற ஏற்றத் தட்டு வேகம் பிடிக்கும். தொடுமுனை சேர்ந்ததும் நேரம் அளக்கும் கடிகாரம் நிற்கும். பழுது வந்தால் மின்னோட்டம் பல மடங்கு எகிறும் என்ற நம்பிக்கையில் கட்டிய கருவி அது. பெரிய ஜெனரேட்டர்கள் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. ஆனால் சூரிய மின்சாரம் இன்வெர்ட்டர் வழியாக வருகிறது. உள்ளே இருக்கும் குறைக்கடத்திகள் கருகாமலிருக்க, அது தன் மின்னோட்டத்தைச் சாதாரண அளவுக்குச் சற்று மேலேயே கட்டிப்போட்டுவிடும். பழுது இருந்தும் ரிலேக்கு அது பழுதாகத் தெரியாது. 2016-இல் தொடங்கிய 648 மெகாவாட் கமுதி சூரிய மின்நிலையம் நமக்கு எவ்வளவு பக்கம் என்று நினைத்துப் பாருங்கள். இந்த ஒரு சிக்கலிலேயே பத்து ஆய்வேடுகளுக்கு இடம் இருக்கிறது.

கல்லூரிப் பணியில் வகுப்பு, விடைத்தாள், தரச்சான்றுக் கோப்புகள் போக மிஞ்சும் நேரத்தில்தான் ஆராய்ச்சி. கட்டுரை அனுப்பினால் பதில் வர மாதக்கணக்காகும். எண்ணிக்கைக்காகக் கண்ட இதழில் வெளியிடும் பழக்கத்தை நான் வெறுக்கிறேன். அது நல்ல மாணவர்களையும் கெடுத்துவிடுகிறது.

ஆகவே தயங்காமல் வேலைக்குப் போங்கள். முடிந்தால் துணைமின் நிலையப் பக்கமே போங்கள். ரிலேக்கள் சேமித்துவைக்கும் பழுதுப் பதிவுகளை வாசித்துப் பழகுங்கள். எங்களைப் போன்றவர்கள் கேட்டாலும் எளிதில் கிடைக்காத பொருள் அது. எம்.இ. முடித்த பிறகு, வேலையில் இருந்தபடியே பகுதிநேர பி.எச்டி. பதிவு செய்ய அண்ணா பல்கலைக்கழகத்தில் வழி இருக்கிறது. இப்போதைக்கு 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு மாதிரிகள் எடுத்து, மின்னழுத்தத்தின் அளவையும் கோணத்தையும் கணக்கிடும் சிறு நிரலை மேட்லேப் என்ற கணினி மென்பொருளில் எழுதிப் பாருங்கள். அதிர்வெண்ணை 50-லிருந்து 49.5-க்கு இறக்கினால் கோணம் ஏன் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்று கண்டுபிடித்து, இந்தப் பதிலின் கீழேயே எழுதுங்கள்; தொடர்ந்து பேசலாம்.