கேள்வி–பதில்: ஈரத் தகடும் குடியேறிகளின் வீடுகளும்

கேள்வி: ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், ஹில் எண்ட், கல்காங் ஆகிய தங்க வயல் ஊர்களில் 1872-இல் பியூஃபாய் மெர்லின் எடுத்த படங்களைப் பார்த்தேன். எல்லாக் குடும்பமும் வாசலிலேயே நிற்கிறது. வீட்டுக்குள் எடுக்க மாட்டாரா?
– வாசகர், தேனி

பதில்: உள்ளே வெளிச்சம் போதாது. அன்றைய ஈரத் தகடு, அதாவது ரசாயனம் பூசி ஈரம் காயும் முன்பே படம் எடுக்கும் கண்ணாடித் தகடு, நீலம், ஊதா ஒளியைத்தான் நன்றாகப் பிடிக்கும். நல்ல வெயிலிலேயே சில வினாடி தேவைப்படும். மரப்பட்டை வேய்ந்த, ஜன்னல் சிறுத்த குடிசைக்குள் நிமிடக்கணக்காகும். அதுவரை யார் அசையாமல் நிற்பது? வெளியிலேயே குழந்தை தலையைத் திருப்பினால் முகம் கலைந்துவிடும். வானம் எப்போதும் வெள்ளையாகவும், சிவப்புத் துணி கறுப்பாகவும் விழுவதற்கும் இந்த நீல மோகம்தான் காரணம்.

கேள்வி: ஊர் ஊராகப் போகிறவர் தகட்டை எங்கே தயாரித்தார்? முன்கூட்டியே செய்து எடுத்துப்போக முடியாதா?
– வாசகர், காரைக்குடி

பதில்: முடியாது. பூசிய தகடு காய்வதற்குள் படம் எடுத்து, கழுவியும் ஆக வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம் கிடைக்கும். கோடையில் அதுவும் கிடைக்காது. ஆகவே இருட்டறையும் கூடவே பயணம் செய்தது. உள்ளே மஞ்சள் அல்லது ஆரஞ்சு வெளிச்சம் மட்டும்.

துடைத்துப் பளபளப்பாக்கிய கண்ணாடியின் நடுவில் கொலோடியனை ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடவிட்டு, மிச்சத்தைக் கடைசி மூலை வழியே புட்டியில் வடிப்பார்கள். வெடிபஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்து, அயோடைடு, புரோமைடு உப்புகள் சேர்த்ததுதான் கொலோடியன். அது தொட்டால் ஒட்டும் பதத்துக்கு வந்ததும், ஏறக்குறைய 8 சதவீத வெள்ளி நைட்ரேட் கரைசலில் மூன்று நிமிடம் முக்கினால் பால் நிறம் ஏறும். சொட்டவிட்டு, பின்புறத்தைத் துடைத்து, கேமராவில் வைத்து எடுத்ததும் உடனே இருட்டறை. பிம்பத்தை வெளிக்கொணர, அசிட்டிக் அமிலம் கலந்த அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசலை ஒரே வீச்சில் பரப்ப வேண்டும். கை தயங்கிய இடத்தில் கோடு விழும். பிம்பம் எழுந்ததும் தண்ணீரால் நிறுத்தி, ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) அல்லது பொட்டாசியம் சயனைடில் நிலைப்படுத்தி, கழுவிக் காயவைத்து, இளஞ்சூட்டில் வார்னிஷ்.

அதிகம் தொல்லை கொடுப்பது வெள்ளித் தொட்டி, அதாவது தகட்டை முக்கும் வெள்ளி நைட்ரேட் கரைசல். ஒவ்வொரு தகடும் கொஞ்சம் ஈதரையும் ஆல்கஹாலையும் அதில் விட்டுப் போகிறது. நாளாக ஆக, அன்னபேதி எண்ணெய் மேல் தண்ணீர் போலத் திரண்டு ஓடும். அப்போது அன்னபேதியில் ஆல்கஹாலைக் கூட்டுவார்கள். தொட்டியில் அழுக்கு சேர்ந்துவிட்டால் கரைசலைக் கண்ணாடிப் புட்டியில் வெயிலில் வைப்பார்கள். அழுக்கு கறுப்பாகப் படியும், வடிகட்டிவிடலாம். அமிலத்தன்மை போய்விட்டால் படம் முழுக்கப் புகை மூட்டம் தட்டும். ஓரிரு துளி நைட்ரிக் அமிலம் அதைச் சரிசெய்யும். வெயில் காலத்தில் ஈதர் சீக்கிரம் பறப்பதால் கொலோடியன் வரிவரியாக இறுகும். ஈதரைக் குறைத்து ஆல்கஹாலைக் கூட்டுவதே வழி.

இத்தனையும் ஒரு வாசலுக்கு ஒரு முறை! மெர்லினும் உதவியாளர் சார்லஸ் பேய்லிஸும் தெருத்தெருவாக இதைச் செய்தார்கள் என்பதை மனதில் வைத்துப் படங்களைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: அந்த நெகட்டிவ்கள் எப்படித் தப்பின?
– வாசகர், புதுச்சேரி

பதில்: ஹில் எண்டில் தங்கம் கண்டு செல்வந்தரான பெர்னார்ட் ஹோல்டர்மன் மெர்லினுக்கு ஆதரவு தந்தார். 1873-இல் மெர்லின் இறந்ததும் பேய்லிஸ் பணியைத் தொடர்ந்தார். சுமார் 3,500 கண்ணாடி நெகட்டிவ்கள் 1951-இல் சிட்னியின் சாட்ஸ்வுட்டில், ஹோல்டர்மன் குடும்பத் தோட்டக் கொட்டகையில் கிடைத்தன. இன்று நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தில் உள்ளன. கொலோடியனில் பிம்பத்தை உண்டாக்கும் வெள்ளித் துகள்கள் மிக நுண்மையானவை. அதனால் சிறு தகட்டைப் பெரிதாக்கினாலும் கடைப் பலகை எழுத்து வரை படிக்க முடிகிறது.

கேள்வி: எங்கள் வீட்டுப் பரணில் பழைய கண்ணாடி நெகட்டிவ்கள் உள்ளன. அவை ஈரத் தகடா? துடைக்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பூச்சு ஓரங்களில் ஒழுங்கில்லாமல் நின்று, ஒரு மூலையில் பிடித்த தடம் தெரிந்து, நிறம் பழுப்பு கலந்த பாலாடை போல இருந்தால் பெரும்பாலும் ஈரத் தகடு. சீராகப் பூசப்பட்டு, கறுப்பு–சாம்பலாக இருந்தால் பிற்காலத்து உலர் தகடு. பூச்சுப் பக்கத்தைத் தொடவே வேண்டாம். ஆல்கஹால் வார்னிஷைக் கரைத்துவிடும், தண்ணீரும் ஆகாது. வெறும் கண்ணாடிப் பக்கத்தை மட்டும் மென்தூரிகையால் தட்டுங்கள். நைட்ரைல் கையுறையோடு ஓரத்தைப் பிடித்து, அமிலமற்ற தாளில் தனித்தனியாகச் சுற்றி, நீள விளிம்பில் நிறுத்தி வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அடித் தகடு விரிசல் விடும்.