2018 ஏஎஃப்எல் (ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்) இறுதிப் போட்டியில் ரியோலி மேனார்டை மறித்ததற்கு ஃப்ரீ கிக் கொடுத்திருக்க வேண்டாமா?

கொடுத்திருக்க வேண்டும். ஆனால் கொடுக்கவில்லை என்பதற்காக அம்பயரைத் திருடன் என்று சொல்கிற கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், கொஞ்சம் வெட்கக்கேடான கதை அது.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் மெல்பர்னுக்கு வந்து ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருக்கும் போல. அலுவலகத்தில் பக்கத்து மேஜையில் இந்த ஊர்க் காலிங்வுட் அணியின் ரசிகர் ஒருவர் இருப்பார், செப்டம்பர் பிறந்தால் இந்தக் கதையை எடுத்துவிடுவார். எனக்கும் ஒருவர் இருந்தார். மனிதர் தங்கம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பேச முடியாது.

மற்றவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2018 செப்டம்பர் 29, மெல்பர்னின் எம்சிஜி மைதானம், 1,00,022 பேர் கூட்டம். முதல் ஐந்து கோலும் காலிங்வுட் அடித்தது. பெர்த்திலிருந்து வந்த வெஸ்ட் கோஸ்ட் அணி விடாமல் துரத்திக்கொண்டே வந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் வெஸ்ட் கோஸ்டின் மெக்கவர்ன் தன் பக்கத்தில் பந்தைப் பிடித்து வார்டிக்கு உதைத்தார், வார்டி லியாம் ரயனுக்கு, ரயன் ஓரத்தில் நின்ற டாம் ஷீடுக்கு. ஷீட் மார்க் பிடித்தார், அதாவது உதைத்து வந்த பந்தைக் கீழே விழாமல் பிடித்தார்; அப்படிப் பிடித்தவர் யாரும் சாய்க்காமல் நிதானமாக உதைக்கலாம். எல்லைக்கோட்டை ஒட்டி, கோல் கம்பங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும் இடம் அது. அங்கிருந்து நேராக உள்ளே அடித்தார். முடிவு 79-74.

ஷீடை நோக்கி ஓடிவந்த காலிங்வுட்டின் பிரேடன் மேனார்டை நடுவில் வெஸ்ட் கோஸ்டின் வில்லி ரியோலி உடம்பால் மறித்துவிட்டார். அதுதான் சண்டை.

நம் ஊரில் ஃபுட்பால் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் குழப்பும். அங்கே பந்தை ஆட முயலாமல் ஆளை மறித்தால் தப்பு. ஹாக்கியிலும் தப்பு. இங்கே அது தோழனுக்குச் செய்யும் கடமை. ஷெப்பர்ட் என்று பெயர், ஆட்டிடையன் மந்தையைக் காப்பது போல. காரணம் எளிது. இந்த ஆட்டத்தில் ஆஃப்சைட் கிடையாது. பந்து வைத்திருப்பவனை எட்டுத் திசையிலிருந்தும் வந்து சாய்க்கலாம். பக்கத்தில் ஒருவன் மறித்துக் கொடுக்காவிட்டால் நாலு அடி ஓட முடியாது. ஆகவே பந்து ஐந்து மீட்டருக்குள் இருந்தால் பந்து இல்லாத எதிராளியை மறிக்கலாம், தோளால் இடிக்கலாம். தலையில் படக்கூடாது, முதுகில் தள்ளக்கூடாது, பிடித்து இழுக்கக்கூடாது.

அந்த ஐந்து மீட்டரைத்தான் வெஸ்ட் கோஸ்ட்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். பந்து பக்கத்தில்தான் இருந்தது, அப்புறம் என்ன என்பார்கள். இங்கேதான் விஷயமே இருக்கிறது. பந்து வானத்தில் வரும்போது, அதைப் பிடிக்கப் போகிறவனை மறிப்பதற்குத் தனி விதி. ஐந்து மீட்டர் சலுகை அங்கே செல்லாது. பந்தைப் பிடிக்கும் அந்தப் போட்டாபோட்டியில் நீயும் பந்தைப் பார்த்துப் பாய்ந்தால் உடம்பு உரசுவது சகஜம், யாரும் கேட்க மாட்டார்கள். பந்தை விட்டுவிட்டு ஆளை மட்டும் நிறுத்தினால் ஃப்ரீ கிக். ரக் போட்டியில், அதாவது அம்பயர் பந்தைப் போட்டதும் இரண்டு உயரமானவர்கள் எகிறுவார்களே, அதிலும் இதே கதைதான்.

ரியோலி பந்தைப் பிடிக்கப் போனாரா? நானும் அந்தக் காட்சியை எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று சொன்னால் என் மனைவிக்குக் கோபம் வரும். என் கண்ணுக்கு அவர் மேனார்டைத்தான் பார்க்கிறார். மேனார்டு எப்படியும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார் என்று வாதாடுபவர்கள் உண்டு. இருக்கலாம். அதற்காகத் தப்பு தப்பில்லை என்றாகிவிடாது.

"நீ பிறந்த ஊருக்கும் ஃபூட்டிக்கும் என்ன சம்பந்தம், விதி பேச வந்துவிட்டாய்" என்று யாராவது கேட்பார்கள். எனக்குத் தெரியும், முன்பு ஒரு பதிலுக்கே கேட்டார்கள். நான் திருநெல்வேலிக்காரன். பத்து வருஷமாக மெல்பர்னின் மேற்குப் பக்கம் இருக்கிறேன். என் மகள் அங்கே ஒரு கிளப்பில் ஆடுகிறாள். எந்தக் கிளப் என்று சொல்லப் போவதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் ஆட்டம். குளிர், சேறு, கையில் ஆறிப்போன காபி. கடைசிக் கால்பகுதியில் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம். ஒரு கோல் அடித்தால் ஆறு, ஜெயித்துவிடலாம். நெடுக ஒரு உதை வந்தது. என் மகள் கோலுக்கு நேர் எதிரே, பதினைந்து மீட்டர் தூரத்தில், நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள். விசில். நான் எகிறிக் குதித்தேன். பார்த்தால் அம்பயர் மறுபக்கம் கை காட்டுகிறான். "பிளாக்" என்று ஒரே வார்த்தை. என் மகளின் தோழி, பின்னாலிருந்து ஓடிவந்த பெண்ணை இடுப்பால் நிறுத்தியிருக்கிறாள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. மற்ற அப்பாக்களெல்லாம் பிறந்ததிலிருந்து இந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள். அவர்கள் நடுவே சும்மா தலையாட்டிக்கொண்டு நிற்கக் கூடாதே என்று விதிப் புத்தகத்தை உட்கார்ந்து படித்திருந்தேன். அந்தப் படிப்பு முழுவதும் தொண்டைக்கு வந்துவிட்டது. "ஃபைவ் மீட்டர்ஸ்! பந்து ஐந்து மீட்டருக்குள் இருந்தது! விதியைப் படி!" என்று வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். ஒரு முறை அல்ல. அம்பயருக்குப் பதினைந்து வயது இருக்கும். காது சிவந்துவிட்டது அவனுக்கு. தீர்ப்பை மட்டும் மாற்றவில்லை. மைதானப் பொறுப்பில் இருந்த பெண்மணி வந்து, கார் நிறுத்துமிடம் வரை கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதைதான் இன்னும் வலிக்கிறது.

தோற்றோம். வீடு திரும்பும்போது காரில் பாதித் தூரம் வரை அவள் வாயே திறக்கவில்லை. அப்புறம் சொன்னாள்: "நான்தான்ப்பா அவளை மறிக்கச் சொன்னேன். அது ஃப்ரீ கிக்தான். கோச் போன வாரமே சொன்னாங்க. அந்தப் பையன் என் ஸ்கூல். நாளைக்கு பஸ்ல அவன் முகத்துல எப்படிப்பா முழிக்கிறது?"

நான் படித்தது ஷெப்பர்ட் பற்றிய பக்கத்தை மட்டும். மார்க் பற்றிய பக்கத்தைப் புரட்டவே இல்லை.

அதற்குப் பிறகு பெற்றோரிலிருந்து கோல் அம்பயர் கேட்டபோது நானாகப் போய் நின்றேன். பிராயச்சித்தம் என்றெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வேலியோரம் நின்றால் மற்றவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அங்கே நின்று பார்த்தால்தான் மறிப்பது எவ்வளவு பெரிய கலை என்று தெரிகிறது. பந்து உருண்டு கோலுக்குள் வரும். தடுப்பவர் விரல் நுனி பட்டாலும் ஆறு புள்ளி ஒரு புள்ளியாகிவிடும். அதனால் தாக்கும் அணிப் பெண்கள் இரண்டு பேர் கோட்டருகே முதுகைக் காட்டி, கையை விரிக்காமல், பிடிக்காமல், உடம்பை மட்டும் சுவராக வைத்து நிற்பார்கள். பந்து ஐந்து மீட்டருக்குள் வந்துவிட்டால் அது முழுக்க முழுக்கச் சட்டப்படி. வருவதற்கு ஒரு நொடி முன்னால் செய்தால் தப்பு. நான் அதையெல்லாம் பார்க்கலாம், ஃப்ரீ கிக் கொடுக்க முடியாது. என் வேலை விரலைக் காட்டிக் கொடி அசைப்பது.

முப்பத்தாறு பேர் ஓடும் பெரிய மைதானத்தில், பந்து அறுபது மீட்டர் பறந்துகொண்டிருக்கும்போது கீழே யார் யாரை மறிக்கிறார்கள் என்று கள அம்பயர் பார்க்க வேண்டும். 2018-ல் ஏஎஃப்எல் ஆட்டத்துக்கு மூன்று கள அம்பயர்கள்தான். 2023-ல்தான் நான்காக்கினார்கள். விதியாவது நிலையாக இருக்கிறதா? 2007-ல் முதுகில் கை வைத்தாலே ஃப்ரீ கிக் என்றார்கள், 2019-ல் தளர்த்தினார்கள். ரக் போட்டியில் மூன்றாவது ஆள் எகிறுவதை 2017-ல் தடுத்தார்கள். 2021-ல் மார்க் பிடித்தவன் உதைக்க வரும்போது எதிரே நிற்பவன் அசையவே கூடாது என்றார்கள். 2022-ல் அம்பயரைப் பார்த்துக் கையை விரித்தாலே எதிரணிக்குப் பந்தை ஐம்பது மீட்டர் முன்னால் நகர்த்திக் கொடுக்கிற தண்டனை. அந்த விதி வேலிக்கு வெளியே நிற்பவர்களுக்கும் இருந்திருந்தால் அன்றைக்கு என்னை ஊர் எல்லைக்கே அனுப்பியிருப்பார்கள்.

        

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஃப்ரீ கிக் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அதைக் கொடுத்திருந்தால் காலிங்வுட் ஜெயித்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முதல் ஐந்து கோல் அடித்துவிட்டு அந்த முன்னிலையைக் கோட்டை விட்டதற்கு ரியோலியா பொறுப்பு?

அந்தப் பக்கத்து மேஜைக்காரரிடம் 2023 இறுதிப் போட்டியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பிரிஸ்பேனை காலிங்வுட் நான்கே புள்ளியில் ஜெயித்த ஆட்டம், மேனார்டும் ஆடினார். அன்றைய அம்பயர்கள் மேல் அவருக்கு ஒரு குறையும் இருக்காது.