கடைமடையில் ஓட்டம்: வாசகர் கேள்வி – பதில்

காவிரியும் கொள்ளிடமும் கடலில் சேரும் வட்டாரத்தில், ஆற்றங்கரை ஓட்டப் பாதைகள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

மயிலாடுதுறையில் வசிக்கிறேன், வயது 41. தினமும் தார்ச்சாலையில் மூன்று கிலோமீட்டர் ஓடுகிறேன். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வருகிறது. பூம்புகார் பக்கம் காவிரிக் கரையில் ஓடினால் சரியாகுமா? எந்த இடம், எந்த மாதம் ஏற்றது?

முதலில் வலியைப் பார்ப்போம். எலும்பின் மேல் விரலால் அழுத்தும்போது ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அது எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலான வலியாக இருந்தால், இரண்டு வாரத்துக்குத் தூரத்தைப் பாதியாக்குங்கள். ஒரு நாள் ஓட்டம், மறுநாள் ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். தார்ச்சாலை கடினம் என்பது மட்டும் காரணமல்ல. மழைநீர் வடிய வேண்டும் என்பதற்காகச் சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடுகிறவருக்கு ஒரு கால் பள்ளத்திலும் மறு கால் மேட்டிலும் விழுந்துகொண்டே இருக்கும். ஆற்றுக்கரையின் மேல்தளம் ஏறக்குறைய சமமாக இருப்பதால் இந்தத் தொல்லை குறையும்.

கல்லணை – பூம்புகார் சாலை காவிரியை ஒட்டிப் போகிறது என்பதால் பலர் அதிலேயே ஓடுகிறார்கள். அது பேருந்தும் மணல் லாரியும் போகிற நெடுஞ்சாலை. கரைக்குப் போய்ச் சேர மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். ஓடுவதற்குரிய இடம் கரையின் மண்பாதை.

இடத்தைவிட முக்கியம் மாதம். பூம்புகாருக்கு அருகே உள்ள மேலையூர்க் கதவணையை அடையாளமாக வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. காவிரியின் கடைசிக் கதவணை அது. அதற்கு மேற்கே வயல்வெளிக் களிமண். கிழக்கே கடலை நெருங்க நெருங்க மண்ணில் மணல் கூடிக்கொண்டே போகும். களி நீரைப் பிடித்துக்கொள்ளும், மணல் விட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேற்குக் கரையில் இரண்டு நிமிடம் ஓடினாலே ஷூவின் அடியில் களி அப்பி, கால் கனத்து, வழுக்கும். அந்த மாதங்களில் கதவணைக்குக் கிழக்கே மணற்பாங்கான பகுதியில் ஓடுங்கள். பொங்கல் கழிந்து மண் இறுகியபின் மேற்கே போங்கள். தை முதல் பங்குனி வரை அந்தக் கரையைப்போல ஓடத் தோதான தரை இந்த வட்டாரத்தில் வேறில்லை. சித்திரை, வைகாசியில் களி வெடித்துப் பாளம் பாளமாகிவிடும். முன்கால் இறங்கும் அளவுக்கு வெடிப்பு இருக்கும் இடங்களில் கணுக்கால் பிசகும். மறுபடி கிழக்கே வந்துவிடுங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கும் ஆண்டுகளில், கடைமடைக்குத் தண்ணீர் வருமுன் கரையில் தூர்வாரும் இயந்திரங்கள் நிற்கும். அள்ளிப் போட்ட ஈர மண் பாதையை மறைத்திருக்கும். அந்தச் சில வாரங்கள் கரையை விட்டுவிட்டு ஊர்ச் சாலையில் ஓடுவதே நல்லது.

மழை பெய்த மறுநாள் கரை தாங்குமா என்று அறிய எளிய சோதனை உண்டு. குதிகாலை அழுத்தி ஊன்றி எடுங்கள். பதிந்த தடம் ஒரு விரல் கனத்துக்கு மேல் ஆழமாக இருந்து, உள்ளே நீர் மினுங்கினால் அன்று ஓட வேண்டாம்.

கரையின் மேல் டிராக்டர் சக்கரத் தடம் இரண்டு இருக்கும், நடுவில் புல் நிற்கும். புல் மெத்தென்று தெரிந்தாலும் சக்கரத் தடத்திலேயே ஓடுங்கள். எலி வளையும் நண்டு வளையும் புல்லுக்கு அடியில்தான் இருக்கும். மார்கழி, தையில் பனி ஈரமும் சேர்ந்துகொள்ளும். அறுவடை முடிந்த வயலிலிருந்து எலிகள் கரைக்கு ஏறும். எலியைத் தேடிப் பாம்பும் வரும். விடியுமுன் ஓடுகிறவர்கள் தலையில் மாட்டும் விளக்கு இல்லாமல் கரையேறக் கூடாது. மதகைக் கடக்கும்போது நடந்து கடங்கள். பாசி பிடித்த சிமெண்ட் மேடை களியைவிட மோசமாக வழுக்கும்.

தூரத்தைக் கணக்கிட வேண்டாம், நேரத்தைக் கணக்கிடுங்கள். 15 நிமிடம் போய் 15 நிமிடத்தில் திரும்புவது முதல் மாதத்துக்குப் போதும். தார்ச்சாலையில் ஓடிய வேகம் மண்ணில் வராது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். பேச்சுக் கொடுத்தால் முழு வாக்கியம் சொல்ல முடிகிற வேகமே சரியான வேகம்.

ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை, தை அமாவாசை, சித்ரா பௌர்ணமி நாட்களில் பூம்புகார் பக்கம் வேண்டாம். ஐப்பசி கடைமுகத்தன்று மயிலாடுதுறைத் துலாக்கட்டப் பகுதியும் வேண்டாம். நீராட வருகிறவர்களுக்கு உரிய நாட்கள் அவை.

சீர்காழி வாசகி: போகும்போது இலேசாக இருக்கிறது, திரும்பும்போது காற்று எதிர்த்துத் தள்ளுகிறது. கடலை நோக்கி ஓடுவதா, கடலை விட்டு ஓடுவதா?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேல்காற்று. மேற்கு நோக்கித் தொடங்குங்கள்; களைத்துத் திரும்பும்போது காற்று முதுகுக்கு வரும். ஐப்பசியிலிருந்து தை வரை வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று. அப்போது கடலை நோக்கித் தொடங்குங்கள்.

மே மாதத்துக்கு மட்டும் இது பொருந்தாது. காற்று முதுகில் வந்து, நீங்களும் அதே வேகத்தில் ஓடினால் உடம்பின்மேல் காற்றே படாது. வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டிருக்கும், உடல் சூடு ஏறும். கடலோர ஈரக்காற்றில் இது இன்னும் கடுமை. கோடையில் எதிர்காற்றில் திரும்புவதே பாதுகாப்பு. சூரியன் இங்கே ஜூன் நடுவில் 5.50-ஐ ஒட்டியும் ஜனவரி நடுவில் 6.35-ஐ ஒட்டியும் உதிக்கும். கோடையில் உதயத்துக்குப் பின் அரை மணிக்குள் ஓட்டம் முடிந்துவிட வேண்டும்.

சிதம்பரத்திலிருந்து: வாரம் ஒருமுறை 10 கிலோமீட்டர் ஓட கொள்ளிடக் கரை நன்றாக இருக்கும் என்கிறார்கள். முதலை பயம் உண்மையா?

உண்மைதான். பழைய கொள்ளிடத்தில், சிதம்பரத்தைச் சுற்றிய பகுதியில் முதலைகள் இருக்கின்றன. மனிதர்களைத் தாக்கியும் இருக்கின்றன. அதற்காக ஓட்டத்தையே கைவிட வேண்டியதில்லை. உயரமான வெள்ளக்கரையின் மேலேயே ஓடுங்கள். கீழே படுகைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை குறுக்குவழியாகத் தெரிந்தாலும் இறங்காதீர்கள். குளிர்ந்த காலையில் முதலை வெயில் காய மணலில் ஏறிப் படுக்கும். ஓடி முடித்து முகம் கழுவவோ, ஷூவில் ஒட்டிய சேற்றை அலசவோ தண்ணீர் ஓரம் போவதுதான் மிகப் பெரிய ஆபத்து. நாயைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வனத்துறையின் எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் மாற்றுப் பாதை எடுங்கள்.

கொள்ளிடத்தில் முதலையைவிடக் கவனிக்க வேண்டியது வெள்ளம். காவிரியின் உபரிநீர் வடிகால் இது. மேட்டூர் அணை 120 அடி நிரம்பி உபரிநீர் திறந்தால், திருச்சி அருகே முக்கொம்பிலிருந்து பெரும்பகுதி கொள்ளிடத்துக்குத் திருப்பப்படும். சில நாட்களில் கடைப்பகுதிக்கு வந்துவிடும். உள்ளூரில் ஒரு துளி மழை இல்லாமலே ஆறு கரை முட்ட ஓடும் என்பதை வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அறிவதில்லை. நாதல்படுகை, முதலைமேட்டுத்திட்டு போன்ற ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை வந்த செய்தியைக் கண்டால், நீர் வடிந்து கரை காயும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம். வெள்ளம் ஊறிய கரையின் ஓரம் உள்ளே அரித்திருக்கும், மேலே பார்க்க உறுதியாகவே தெரியும். வடிந்த பிறகும் சில வாரங்களுக்கு நடுப்பாதையில்தான் ஓட வேண்டும்.

10 கிலோமீட்டர் ஓடுமுன், கரையிலிருந்து ஊருக்குள் இறங்கும் சாய்தளங்கள் எங்கெங்கே என்று ஒருமுறை இருசக்கர வண்டியில் போய்ப் பார்த்துவிடுங்கள். கால் பிசகினால் ஆம்புலன்ஸ் வர வழி அதுதான். 108-க்குப் பேசும்போது ‘கொள்ளிடக் கரையில் இருக்கிறேன்’ என்றால் போதாது. பக்கத்து ஊரின் பெயரையும் வடகரையா தென்கரையா என்பதையும் சொல்ல வேண்டும்.

தரங்கம்பாடியிலிருந்து கடற்கரை வழியாகவே பூம்புகார் வரை ஓட முடியுமா?

தொடர்ச்சியாக முடியாது, முயலவும் கூடாது. இடையில் ஆறுகள் கடலில் சேரும் முகத்துவாரங்கள் இருக்கின்றன. மணல்திட்டு அடைத்திருக்கும் நாளில் கடந்துவிடலாம் போலத் தெரியும். மழைநீர் அந்தத் திட்டை உடைத்தால் வழி ஆளை இழுக்கும் ஆழத்துக்கு அறுந்துவிடும். போனபோது நடந்து கடந்த இடத்தில் திரும்பும்போது ஆழம் இருக்கலாம்.

ஒரே ஊரின் கரையில் போய்த் திரும்பும் ஓட்டம் நல்லது. கடல் வற்றும் நேரத்தில், அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய மணலில் ஓடுங்கள். வற்றம் ஒரு நாளைக்கு இரண்டு முறை வரும். மறுநாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் கூடுதலாக இருக்கும். எந்த நேரத்தில் கரை அகலமாக இருக்கும் என்று மீனவர்களைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். காய்ந்த பொதிமணலில் குதிகால் புதையும், கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் இழுபடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதில் 5 நிமிடத்துக்கு மேல் ஓடக் கூடாது. கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால், போன தூரம் அதே மணலில் திரும்புங்கள். இரண்டு காலுக்கும் சுமை சமமாகும். வலை காயும் இடத்தையும் அலை தடுக்கக் கொட்டிய கருங்கற்களையும் சுற்றிப் போங்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: ஒரு மணி நேர ஓட்டத்துக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

பொது அளவு சொல்வதைவிட உங்கள் வியர்வையை அளந்துகொள்வது சரி. ஓடுமுன் ஈரமில்லாத உடையில் எடை பாருங்கள். ஓடி முடித்ததும் உடலைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். குறைந்த ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 1.2 கிலோவுக்கு மேல் குறைந்தால் அடுத்த முறை வழியில் கூடுதலாகக் குடிக்க வேண்டும். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், அதுவும் ஆபத்தே. அதிகம் வியர்த்த நாளில், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 6 சிறிய தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கலக்கிச் சிறிது சிறிதாகக் குடிக்கலாம். கடலோரக் கைப்பம்புத் தண்ணீர் பல இடங்களில் உவர். அதை நம்பிப் புறப்படாதீர்கள். தலை சுற்றி, பேச்சுக் குழறினால் நிழலில் படுக்க வைத்து உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிவிட்டு 108-ஐ அழையுங்கள்.

காரைக்கால் வாசகி: வேலை முடிந்து மாலையில்தான் நேரம். தனியாக ஓடுவதற்கு எந்தப் பாதை?

வயல்வெளிக் கரைகளை மாலையில் தவிர்த்துவிடுங்கள். உங்கள் ஊரிலேயே அரசலாற்றை ஒட்டிக் கடற்கரைக்குப் போகும் சாலை இருக்கிறது. விளக்கும் ஆள் நடமாட்டமும் உண்டு. தொடங்கும்போது 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று 8 முறை. விடுமுறை நாள் மாலையில் கூட்டம் சேரும், அன்று காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நாய் துரத்தினால்?

நின்றுவிடுங்கள். ஓடினால் துரத்தும். முகத்தைப் பார்த்தபடி, கண்ணுக்குக் கண் முறைக்காமல், மெதுவாகப் பின்னோக்கி நகருங்கள். பல் பட்டாலோ நகம் கீறினாலோ காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது. தடுப்பூசித் தவணைகளை ஒன்றுகூட விடாமல் போட்டு முடிக்க வேண்டும்.

உப்புச் சேற்றில் ஓடிய ஷூ இரண்டு மாதத்தில் பிளந்துவிடுகிறது.

பசை விடுவதற்குப் பெரும்பாலும் உச்சி வெயிலில் காயவைப்பதே காரணம். ஓடி வந்தவுடன், சேறு காயுமுன், நல்ல தண்ணீரில் அலசுங்கள். உள்தகட்டைத் தனியே எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து நிழலில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள். மழைக்காலத்தில் ஒரே ஜோடி முழுதாகக் காயாது. பழைய ஜோடியைத் தூக்கிப் போடாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள்.